கும்பத்தில் கடப்பது

சிங்கப்பூரின் செம்பவாங் கான்பெரா சாலையோரம் 1960களில் ஒரு மரத்தடியில் தொடங்கிய புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் பின்னர் யீஷூனுக்குப் பெயர்ந்தது. இடமும் கட்டடமும் மாறினாலும் முருகன் அதே முருகன்தானா?

ஆகமம் இதற்குச் சடங்கிலேயே விடை வைத்திருக்கிறது. கோயிலைப் புதுப்பிக்கும் திருப்பணிக்கு முன் பாலாலயம் என்ற சடங்கு. மூர்த்தியின் சக்தியை வெளியே ஈர்த்து (கலாகர்ஷணம்), நூல் சுற்றி மாவிலையும் தேங்காயும் தர்ப்பை முடிச்சான கூர்ச்சமும் வைத்த கும்பத்தில் ஏற்றுவார்கள். பணி முடிந்ததும் யாகசாலையிலிருந்து கருவறைவரை தர்ப்பைக் கயிறு நீளும். சக்தி மூர்த்திக்குத் திரும்பும். புதிதாகப் பிறப்பதில்லை.

கணினி நிரலிலும் இக்கேள்வி உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் வலைச்செயலிக் கட்டமைப்பான பிளேசரில் சர்வர் பக்கத்தை முன்கூட்டியே வரைந்து அனுப்பும்போது, பக்கத்தின் ஒரு பகுதியான காம்பொனென்ட்டின் தொடக்க நிரல் ஒருமுறை ஓடுகிறது. பக்கம் உயிர்பெறும்போது மறுமுறை. முதலில் வந்தது உருவம் மட்டுமே, பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது. இரண்டாவது, முதலாவதை அறியாத புதுப்பொருள். தரவுத்தளத்தை மறுபடி கேட்கும், திரையில் தெரிந்த பட்டியல் ஒருகணம் மறைந்து மீளும்.

பிளேசரை உள்ளடக்கி 2021இல் வந்த டாட்நெட் 6, முதல் ஓட்டத்தின் நிலையைப் பக்கத்துக்குள்ளேயே பொதிந்து அனுப்ப வழிசெய்தது. அங்கே கடப்பது தரவு மட்டும்தான். கும்பத்தில் கடப்பதோ, அடியார் முன்பு கைகூப்பிய அதே முருகன். அடையாளம் கல்லில் இல்லை, கைமாறும் தொடர்ச்சியில் இருக்கிறது என்ற ஆகமத்தின் நிலைப்பாடே வலுவானது.