அடிக்கோடுகள் யாருக்கு?

இல்லறத்தில் மனக்கசப்பு நேரும்போது முன்னாளில் வீட்டுப் பெரியவர்களை நாடினோம். இன்று பலர் புத்தகக் கடையை நாடுகின்றனர். இதில் இழிவு ஏதுமில்லை. பெரியவர்கள் கூறியவை அனைத்தும் அறமாகவே இருந்தன என்றும் சொல்வதற்கில்லை. 'பொறுத்துக்கொள்' என்பதைத் தவிர வேறெதையும் அவர்களிடமிருந்து கேட்டறியாத பெண்கள்தாம் எத்தனை பேர்!

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. புத்தகத்தைப் பார்த்துக் காட்டும் அன்பு, அன்பாகுமா?

அமெரிக்கரான கேரி சாப்மன் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஃபைவ் லவ் லேங்குவேஜஸ்' என்னும் நூல் நம் நாட்டுப் புத்தகக் கடைகளிலும் கிடைக்கிறது. தேவாலயப் பணியோடு, தம்பதியருக்கு ஆலோசனையும் கூறி வந்தவர் அவர். பாராட்டுச் சொல், உடனிருந்து செலவிடும் நேரம், பரிசு, பணிவிடை, தொடுகை ஆகிய ஐந்து வழிகளில் மனிதர் அன்பை உணர்கின்றனர். அவரவர்க்கு இவற்றுள் ஒன்று முதன்மையானது. ஆகவே நமக்குப் பிடித்த வழியில் அன்றி, துணைவருக்குப் புரியும் வழியில் அன்பு காட்டப் பழகவேண்டும் என்பது அவர் கருத்து. மனிதரை ஐந்து பெட்டிகளில் அடைத்துவிட இயலுமா என்பது ஐயத்திற்குரியதே. அது நிற்க.

அந்நூலை நானும் வாங்கினேன். பென்சிலால் அடிக்கோடிட்டு, என் மனைவியின் கண்ணில் படும்படி மேசைமீது வைத்தேன். அவள் படித்தாள். இரண்டு நாள் கழித்து, "கோடு போட்ட இடமெல்லாம் நான் செய்யவேண்டியவையாகவே இருக்கின்றனவே, உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டாள். புரட்டிப் பார்த்தேன். பாராட்டைப் பற்றிய பகுதி முழுவதும் கோடுகள். பணிவிடையைப் பற்றிய பகுதியில் ஒன்றுகூட இல்லை. 'துணையின் மொழியைக் கற்றுக்கொள்' என்று எனக்குச் சொன்ன நூலை, 'என் மொழியில் பேசு' என்று அவளுக்கு ஆணையிடும் நூலாக்கியிருந்தேன்.

அன்றிரவு முதல் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினேன். பழகிச் செய்வதால் மட்டும் அன்பு பொய்யாகிவிடுவதில்லை. இசை பயில்பவர் சரளி வரிசையில்தான் தொடங்குகிறார். அதைப் போலி என்று எவரும் சொல்வதில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. தேய்த்து முடித்ததும், அவள் கவனித்தாளா என்று திரும்பிப் பார்த்தேன். அந்தக் கணத்தில் பணிவிடை கணக்கு வழக்காகிவிட்டது. உண்மையான அன்பு பேரம் அறியாதது என்பதைப் பக்தியின் முதல் இலக்கணமாகக் கூறினார் சுவாமி விவேகானந்தர். இறைவனிடம் கூடாத பேரம் சமையலறையில் மட்டும் கூடுமோ?

இதைக் கொண்டு, துன்புறுபவரிடம் 'எதையும் எதிர்பாராதே' என்று உபதேசிப்பது கொடுமை. கை ஓங்கப்படும் வீட்டிற்குத் தேவை புத்தகம் அன்று. அத்தகைய பெண்களுக்கெனவே 2005-ஆம் ஆண்டில் குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நான் பேசுவது, இருவரும் நல்லவர்களாக இருந்தும் நெஞ்சம் வறண்டுபோன இல்லங்களைப் பற்றி.

கோடுகளை ரப்பரால் அழித்தேன். தடம் முற்றிலும் மறையவில்லை. இப்போது பணிவிடைப் பகுதியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் தேய்த்து முடித்ததும் இன்னமும் சில நாட்களில் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன்.