ஒரு கிலோமீட்டருக்குள் அறம்

சிங்கப்பூர் நீதிமன்றம் 2025-இல் ஒரு தாய்க்கு ஒரு வாரச் சிறை விதித்தது. அவர் பிறர் பொருளைத் திருடவில்லை. யார்மீதும் கை வைக்கவில்லை. மகளைப் பேர்பெற்ற தொடக்கப்பள்ளி ஒன்றில் சேர்ப்பதற்காக, தாம் குடியிராத வீட்டைத் தாம் வசிக்கும் வீடென்று எழுதிக் கொடுத்தார். பெற்ற பிள்ளைக்காகத்தானே செய்தார், இதற்குப் போய்ச் சிறையா என்று மனம் இரங்கும். அந்த இரக்கம் இயல்பானது. ஆனால் இரக்கத்தோடு நின்றுவிட்டால், அதே இடத்துக்காகக் காத்திருந்த இன்னொரு பிள்ளை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிள்ளைகளோடு வீடு மாறும் குடும்பம், பக்கத்தில் என்ன பள்ளி இருக்கிறது என்று பார்ப்பது தவறில்லை. பள்ளிக்காகப் பொய் முகவரி கொடுப்பது தவறு. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. சட்டம் தொடாத இன்னொரு தவறும் உண்டு. ஒரு வட்டாரத்துக்குக் குடிவந்து, அங்குள்ள மனிதரோடு ஒட்டும் உறவும் இல்லாமல், பள்ளிக்காக விதி கேட்கும் காலம் மட்டும் இருந்துவிட்டுக் கிளம்பிப் போவது. அதையும் அறத்தின் தராசில் வைத்தே ஆக வேண்டும்.

சிங்கப்பூரில் பிள்ளைக்கு ஆறு வயதாகும் ஆண்டின் நடுவில் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு நடக்கிறது. அண்ணனோ அக்காவோ படிக்கும் பள்ளியென்றால் முதல் கட்டத்திலேயே இடம் உறுதி. பெற்றோர் அங்கே படித்தவர்களாக இருந்தால் அடுத்த கட்டம். தொண்டூழியம் செய்தவர்களுக்கும், பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயம், குலச்சங்கம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களுக்கும் அதற்கடுத்த கட்டம். இப்படி எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரணக் குடும்பங்கள் 2சி கட்டத்துக்கு வந்து நிற்கின்றன. அவர்களுக்கென்று ஒவ்வொரு பள்ளியும் ஒதுக்கும் இடங்கள் 2022 முதல் 40. அதற்கு முன் 20 மட்டுமே. விண்ணப்பங்கள் மிகுந்தால், குடிமக்களுள் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முதலிடம், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள் அடுத்து, மற்றவர்கள் கடைசி. ஒரே தூரத்தில் பலர் இருந்தால் கணினி வழியே குலுக்கல். முகவரியைக் காட்டிப் பதிவுசெய்த குடும்பம், பதிவு தொடங்கிய நாளிலிருந்து 30 மாதமாவது அந்த வீட்டில் வாழ வேண்டும். தவறினால், அமைச்சு பிள்ளையை இடமிருக்கும் வேறு பள்ளிக்கு மாற்றலாம்.

இந்த விதியின் நோக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை விடியுமுன் எழுந்து பேருந்தில் தூங்கி வழிந்துகொண்டு போகாமல், நடந்தே பள்ளிக்குப் போகட்டும் என்பதற்காக வந்தது தூரக் கணக்கு. உறவுமுறையும் செல்வாக்கும் இல்லாதவனுக்கு இருக்கும் ஒரே உரிமை அவன் வாழும் இடம். அம்மாவோ அப்பாவோ அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. அப்பாவுக்குத் தொண்டூழியம் செய்ய நேரமில்லை, இரவு வேலை. ஆனால் அந்தக் குடும்பம் அந்த வட்டாரத்தில்தான் வாழ்கிறது. அந்த ஒன்றைத்தான் பொய் முகவரி பறிக்கிறது. நாற்பது இடத்தில் ஒன்று போனால், குலுக்கலில் தோற்ற ஒரு பிள்ளை தான் ஏன் தோற்றோம் என்பதைக்கூட அறியாது. களவு கொடுத்தவன் கூச்சலிட வழியில்லாத களவு இது.

வினைத்தூய்மையைப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர் இதற்கு நேரான ஒரு நிலையை எடுத்து வைக்கிறார். பெற்ற தாய் பசியால் வாடுவதைக் கண்ணெதிரே பார்த்தாலும், சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்பது அவர் கட்டளை. தாயின் பசிக்கே விலக்குத் தராதவர், பிள்ளையின் பள்ளிப் பேருக்கா விலக்குத் தருவார்? குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் அவரே சொன்னதைச் சிலர் துணைக்கு அழைக்கலாம். அங்கே 'குற்றமற்ற' என்ற சொல்லில்தான் முழு எடையும் இருக்கிறது. இன்னொரு பிள்ளையின் இடத்தை எடுத்துத் தன் பிள்ளைக்குத் தரும் நன்மை எந்த வகையிலும் குற்றமற்றது ஆகாது. நெஞ்சறிந்த பொய்யைப் பின்னர் அந்த நெஞ்சே சுடும் என்பதும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. யாராவது வீடு எங்கே என்று கேட்டால் இந்த இடத்தைச் சொல்லு என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நேரும்போது, அந்தச் சூடு பெற்றோரோடு நிற்பதில்லை. பள்ளி வாசலை மிதிப்பதற்கு முன்பே பிள்ளை முதல் பாடத்தைக் கற்றுவிடுகிறது.

பொய்யால் வரும் கேடு பொய் சொன்னவர்களோடும் நிற்காது. இங்கிலாந்தின் பூல் நகராட்சி 2008-இல், ஒரு குடும்பம் பள்ளி எல்லைக்குள் உண்மையாகவே வாழ்கிறதா என்று அறிய, ஏறத்தாழ மூன்று வாரம் அவர்களை மறைந்திருந்து கண்காணித்தது. அந்தக் குடும்பம் சொன்னது உண்மை. அந்தக் கண்காணிப்பு சட்டவிரோதம் என்று 2010-இல் தீர்ப்பாயம் சொன்னது. ஆனாலும் பிள்ளைகளோடு போகும் தாயை அரசு ஆள் பின்தொடர்ந்த நாள்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. சிலர் சொல்லும் பொய், உண்மை சொல்வோர் எல்லோர்மீதும் ஐயமாக வந்து விழுகிறது.

சட்டத்துக்கு உட்பட்டே வீடு மாறுவோரைப் பற்றிப் பேசும்போது மறுதரப்புக்கும் ஒரு சொல் உண்டு. பிள்ளையை அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடமை என்று மக்கட்பேறு அதிகாரம் சொல்கிறது. அது மறுக்க முடியாத கடமை. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்துக்குக் கூடுதலாக ஒரு கவலையும் உண்டு. 1979-இல் தொடங்கிய சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் சீனம்தான், தமிழ் இல்லை. பிள்ளை தமிழ் படிக்க வேண்டுமென்று அதற்கேற்ற பள்ளி இருக்கும் பக்கமாக வீடு பார்ப்பவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

ஆனால் அதே மக்கட்பேறு அதிகாரத்தில் அடுத்த குறளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிள்ளைகளின் அறிவு பெற்றோரைவிட இந்தப் பெரிய உலகத்து உயிர்களுக்கெல்லாம் இனிமை தருவது என்கிறது அது. கல்வி வீட்டுச் சொத்தாக இருந்தால் உலகத்துக்கு அதில் என்ன இனிமை? பொன்முடியார் பாடிய புறப்பாட்டு இன்னும் தெளிவானது. பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன், வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடன், நன்னடை கற்பிப்பது வேந்தனின் கடன் என்று ஒரு பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை அவர் ஊர் முழுக்கப் பகிர்ந்து வைக்கிறார். பட்டறையில் உலை ஊதும் கொல்லனுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தக் கொல்லனின் மகனும் அதே ஊரில்தானே வளர்ந்திருப்பான்?

நல்ல ஊர் எது என்பதற்குப் பிசிராந்தையார் விடை சொல்லியிருக்கிறார். வயது முதிர்ந்தும் தலை நரைக்கவில்லையே, ஏன் என்று கேட்டவர்களிடம் அவர் மனைவி மக்களைச் சொன்னார், ஏவலரைச் சொன்னார், அரசனைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் ஊரில் அடக்கமும் கொள்கையும் உள்ள சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்றார். ஊரின் மதிப்பை அவர் அங்கு வாழும் மனிதரை வைத்து அளந்தார். இன்று வீடு விற்கும் விளம்பரங்கள் பள்ளிக்கு எத்தனை மீட்டர் என்பதை வைத்து அளக்கின்றன. புளோக்கில் கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள், கீழ்த்தளத்தில் மாலையில் பிள்ளைகள் விளையாடுகிறார்களா, ஆபத்தென்றால் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த அளவுகோலில் வருவதில்லை.

சிற்றினம் சேராமையைச் சொல்லி வாதிடுவோரும் இருப்பார்கள். நீர் தான் சேர்ந்த நிலத்தின் தன்மையாக மாறுவதுபோல், மனிதனின் அறிவு அவன் சேர்ந்த இனத்தைப் போலாகும் என்று வள்ளுவர் சொல்கிறாரே. அப்படியானால் நல்ல பள்ளிக்குப் பக்கத்தில், நல்ல இனத்தோடு குடியேறுவது குறள்வழிதானே என்பது அவர்கள் கேள்வி. வள்ளுவர் சொன்ன இனம் நடத்தையால் அமைவது. வாடகையாலும் வீட்டு விலையாலும் அமையும் கூட்டத்தை அவர் எங்கும் நல்லினம் என்று சொல்லவில்லை. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைச் சிற்றினம் என்று எண்ணுவது குறளுக்கே இழைக்கும் அநீதி.

பலதரப்பட்டவர் சேர்ந்து வாழ்வதன் அருமையைச் சிங்கப்பூர் மற்ற நாடுகளைவிட நன்றாக அறியும். 1989 முதல் ஒவ்வொரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கும் நாடு அது. பல இனத்தாரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்க வேண்டும் என்று விதி போட்டுச் சேர்த்து வைத்தார்கள். பள்ளிப் பேரைத் துரத்தி ஓடும் பெற்றோர், அந்தச் சேர்க்கையை வருமானத்தின் பெயரால் மீண்டும் பிரிக்கிறார்கள். அக்கம்பக்கப் பள்ளி என்ற அழகான சொல், இரண்டாந்தரப் பள்ளி என்ற பொருளில் சிலர் வாயில் வந்து விழுகிறது. அந்தப் பள்ளியின் ஆசிரியரையும் கல்வி அமைச்சே அனுப்புகிறது. பாடத்திட்டமும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றே. தலைமையாசிரியர்களைச் சில ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாற்றுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் பள்ளிகளுக்கிடையே இடைவெளி இருக்கிறதென்றால், அதில் ஒரு பங்கு பெற்றோர் உருவாக்கியது. நேரமும் படிப்பும் வசதியும் உள்ள பெற்றோர் எந்தப் பள்ளியை விட்டு ஒட்டுமொத்தமாக விலகுகிறார்களோ, அங்கே நூலகத்தில் உதவவும் பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேட்கவும் ஆள் குறைகிறது.

உள்ளூரில் பழுத்த பயன்மரமும் ஊர் உண்ணும் குளத்தில் நிறைந்த நீரும் ஒப்புரவு அறிந்தவனின் செல்வத்துக்கு வள்ளுவர் காட்டும் உவமைகள். பள்ளியும் அப்படியொரு ஊர்க்குளம். இந்தியாவில் 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரி ஆணையம், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தம் அக்கம்பக்கத்துப் பொதுப்பள்ளியிலேயே சேர்ந்து படிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நிறைவேறவே இல்லை. வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளிக்குப் போனார்கள். இல்லாதவர்களுக்கு மிஞ்சியதே பொதுப்பள்ளியானது. பிறகு 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்து, தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை அக்கம்பக்கத்து எளிய பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பொதுக்குளத்தைத் தூர விட்டுவிட்டுத் தனிக் கிணற்றில் பங்கு கேட்கும் நிலை வந்ததைத் தமிழ் வாசகர்கள் கண்ணாரக் கண்டவர்கள்.

சோழன் ஒருவன் தன் மகன் ஓட்டிய தேரில் அடிபட்டு மாண்ட கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட கதையைக் கண்ணகி பாண்டியன் அவையில் பெருமையோடு சொல்கிறாள். அந்தக் கொடுமையை யாரும் இன்று கேட்கவில்லை. பிறர் பெற்றதும் பிள்ளைதான் என்று அவன் உணர்ந்த அந்த ஒன்றைத்தான், பதிவுப் படிவத்தின் முன் உட்காரும் பெற்றோரிடம் அறம் எதிர்பார்க்கிறது.

வரும் பதிவுக் காலத்தை எண்ணி வீடு தேடிக்கொண்டிருக்கும் பெற்றோரே, ஒரு வேலைநாளின் காலையை ஒதுக்குங்கள். வீட்டு முகவரோடு போக வேண்டாம். ஏழு மணிக்குப் பக்கத்துப் பள்ளியின் வாசலில் நில்லுங்கள். பேரப்பிள்ளையின் பையைச் சுமந்து வரும் தாத்தாவிடமும், சாலை கடக்க உதவும் தொண்டூழியரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். உள்ளே போகும் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளையும் ஆறாண்டு வளரலாம் என்று மனம் சொன்னால் அந்த வீட்டை எடுங்கள். படிவத்தில் அந்த வீட்டின் எண்ணையே எழுதுங்கள்.