ஐசியு வாசலில் ஒரு நோட்டு

வென்டிலேட்டரில் வாரக்கணக்காகக் கிடக்கும் கணவருக்கோ மனைவிக்கோ நாம் செய்ய எதுவுமே இல்லை என்று தோன்றும். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் பார்க்க விடுவார்கள். மீதி நேரமெல்லாம் வெளியே நாற்காலிதான். ஆனால் செய்ய நிறைய இருக்கிறது.

மயக்க மருந்தும் தூக்கக் கேடும் சேர்ந்து ஐசியுவில் பலருக்கு மனக்குழப்பம் வரும். சுவரில் பூச்சி ஊர்கிறது, நர்ஸ் கொல்ல வருகிறார் என்று நிஜமாகவே நம்புவார்கள். உள்ளே போனதும், "இன்னைக்கு வியாழக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி, நான்தான் வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். நர்ஸிடம் கேட்டு மூக்குக்கண்ணாடியை, காது மெஷினை மாட்டிவிடுங்கள். மருத்துவர்களே பரிந்துரைப்பதுதான் இது.

இன்னொன்று, என் மனதுக்கு மிக நெருக்கமானது: நாட்குறிப்பு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1980களில் ஐசியு நர்ஸ்கள் தொடங்கிய வழக்கம். நடந்ததை நோயாளியிடம் பேசுவதுபோலவே அன்றன்று எழுதுவது. "இன்னைக்குத் தொண்டையில துளை போட்டுக் குழாய் வச்சாங்க. சின்னவ பரீட்சை எழுதிட்டா. நீங்க என் விரலை அழுத்தினீங்க." பிழைத்து வருபவருக்கு அந்த வாரங்கள் வெற்றிடமாகவோ கெட்ட கனவாகவோதான் நிற்கும். எது கனவு, எது நடந்தது என்று பிரித்துப் பார்க்க அந்த வரிகள் உதவும்.

காத்திருப்பவரின் பதற்றமும் மனச்சோர்வும், நோயாளி வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆகவே தம்பியோ நாத்தனாரோ, "ராத்திரி நான் இருக்கேன், நீங்க போய்த் தூங்குங்க" என்றால் மறுக்காமல் போங்கள். அன்றைய பக்கத்தை அவர்கள் எழுதட்டும்.