ஒரு வால்வு எவ்வளவு பொய் சொல்லலாம்?

ஆம்ப்ளிஃபயரின் வேலை, வந்ததை வந்தபடியே பெரிதாக்கி அனுப்புவது. கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. தூது போகிறவனுக்கு வள்ளுவர் ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். இந்தப் பெட்டியும் ஒரு தூதுதான் என்று வைத்துக்கொண்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் கேட்கிறவரே "எனக்குக் கூட்டிச் சொல்லும் தூதுவன்தான் வேண்டும்" என்றால் என்ன செய்வது?

ராயபுரத்தில் மைக் செட் வைத்திருக்கும் ஒரு அண்ணன் என்னிடம் கேட்டது அதைத்தான். அவர் அப்பா காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர் இன்னமும் வீட்டில் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும், உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தே போய்விட்டது. "இன்னா தம்பி, புது பொட்டில கொரலு உள்ளயே நின்னு பேசுது. வெளிய வந்து நிக்கணும். பழைய செட்டுல நிக்கும்" என்றார். எடை குறைய வேண்டும், குரல் மட்டும் பழையதாக இருக்க வேண்டும். அதற்கு ஹைப்ரிட்தான் வழி: வோல்ட்டேஜை வளர்க்க முன்னால் ஒரு வால்வு, ஸ்பீக்கரை ஓட்டும் கரண்டுக்குப் பின்னால் மாஸ்ஃபெட்.

பழைய சத்தம் என்பதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. டிரான்சிஸ்டர் பெல் ஆய்வகத்தில் பிறந்தது 1947 டிசம்பரில். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்தபோது, அங்கே ஒலித்த எந்த மைக்கும் வால்வைத் தாண்டாமல் ஒலித்திருக்க முடியாது. இந்தப் பகுதி பேச்சையும் பாட்டையும் பெருங்குரலில் கேட்கப் பழகியதே அப்படித்தான். இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் வில்லியம்சன் அதே 1947-இல் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிஃபயரின் பெருமை, திரிபை 0.1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தது. அன்று வால்வோடு வேலை செய்தவர்கள் அதன் "இனிமை"யை விரட்டத்தான் பாடுபட்டார்கள். நாம் இன்று அதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

டிசைன் என்று உட்கார்ந்தால் கணக்கு எளிது. 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட்ஸ் வேண்டுமென்றால் 20 வோல்ட் தேவை. மாஸ்ஃபெட் ஃபாலோயர் வோல்ட்டேஜை வளர்க்காது, ஆகவே அந்த 20 வோல்ட்டையும் வால்வே தர வேண்டும். நான் எடுத்தது ஈசிசி82. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு. முதல் பாதிக்கு 250 வோல்ட் சப்ளை, 47 கிலோ ஓம் லோடு. கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் இருந்தால் சுமார் 15 மடங்கு வளர்க்கும். எடுத்துவிட்டால் சுமார் 11 மடங்கு, திரிபும் குறையும். 11 போதும். உள்ளே 1.8 வோல்ட் வந்தால் சரி, அதை அவருடைய மிக்சரே கொடுத்துவிடும். மாஸ்ஃபெட்டின் கேட் கெப்பாசிட்டன்ஸை இந்த வால்வு நேராகத் தள்ளினால் மேல் ஸ்தாயி மழுங்கும். அதனால் இரண்டாவது பாதியைக் கேத்தோடு ஃபாலோயராக நடுவில் வைத்தேன்.

சிக்கல் ஃபீட்பேக்கில் வந்தது. வெளியே போவதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து உள்ளே வருவதோடு ஒப்பிட்டால், இடையில் நடந்த திரிபு பெருமளவு அழிந்துவிடும். அந்த வளையத்துக்குள் வால்வையும் சேர்த்து இறுக்கினால் வால்வின் குணமும் அழியும். அப்புறம் எதற்கு வால்வு? வெளியே விட்டால், ஒரு குறையைத் தெரிந்தே, விரும்பியே கடத்தி அனுப்புகிறேன். இது பொறியியல் கேள்விதானா என்று எனக்கே சந்தேகம் வந்த இடம் இது.

அந்தக் குறை என்ன என்றும் பார்க்க வேண்டும். ஒற்றை டிரையோடு முக்கியமாகக் கூட்டுவது இரண்டாவது ஹார்மோனிக். அதாவது நீங்கள் சட்ஜம் பாடினால் அதற்கு மேல் ஸ்தாயி சட்ஜத்தை மெலிதாகச் சேர்த்துக்கொடுக்கும். மட்டமான டிரான்சிஸ்டர் பெட்டி கூட்டும் ஏழாவது ஹார்மோனிக் அப்படியில்லை, நிஷாதத்துக்குக் கொஞ்சம் கீழே தொங்கிக்கொண்டு காதைக் கிழிக்கும். கூட்டுவதே பாவம் என்றும் சொல்ல முடியாது. தம்புராவில் ஜீவாளி நூல் வைப்பது மேலொலிகளைக் கூட்டத்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணை, தோலின் ஒழுங்கற்ற மேலொலிகளைச் சுருதியின் மடங்குகளாக இழுத்துவருவதை சி.வி. ராமன் 1920-இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் ஜீவாளியை நகர்த்துவது பாடகரின் விரல். என் வால்வு யாரையும் கேட்டுக் கூட்டுவதில்லை. வாத்தியத்துக்கு உள்ள உரிமை தூதுக்கு உண்டா?

முடிவு எடுக்க முடியாததால் இரண்டு டிரைவர் போர்டு செய்தேன். ஒன்று ஈசிசி82. மற்றொன்று ஃபீட்பேக் போட்ட டிரான்சிஸ்டர், திரிபு அநேகமாகக் கிடையாது. ஒரு ரிலே, ஒரு ஸ்விட்ச். இரண்டின் அளவையும் மீட்டர் வைத்துச் சமப்படுத்தினேன். இது முக்கியம்: கொஞ்சம் சத்தம் கூடினாலே காது "இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும். விற்பனைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அண்ணன் ஒரு பழைய கேசட்டிலிருந்து எடுத்த கானாப் பாட்டைப் போட்டார். பாடியது அவருடைய தாய்மாமன், இப்போது இல்லை. டிரான்சிஸ்டர் பக்கத்தில் குரல் மெலிந்து, நாடாவின் இரைச்சலோடு கேட்டது. வால்வுக்கு மாற்றியதும் உள்ளறையிலிருந்து அவருடைய அம்மா வந்து கதவோரம் நின்றார். "இது அவன் கொரலு" என்றார். எந்தப் பக்கம் எது என்று அவருக்குத் தெரியாது. மூன்று முறை மாற்றிப் பார்த்தோம், மூன்று முறையும் அதையே சொன்னார்.

மீட்டர் சாட்சி வேறு. கேசட்டில் இருப்பதற்கு நெருக்கமாக நின்றது டிரான்சிஸ்டர்தான். ஆனால் கேசட்டே உண்மையை முழுதாக வைத்திருக்கவில்லை, மேலே இருந்ததை நாடா எப்போதோ தின்றுவிட்டது. வால்வு அந்த இடத்தை நிரப்பியது என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது முழுச் சம்மதம் இல்லை. அந்த வால்வுக்கு அவர் தம்பியைத் தெரியாது. நான் பேசினாலும், டிவி செய்தி வாசித்தாலும் அதே சர்க்கரையைத்தான் போடும். தெரிந்தவர் கதவோரம் நின்றவர் மட்டும். அவருடைய நினைவுதான் நிரப்பியது. வால்வு அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. அந்த அளவு பொய்யை நான் அனுமதிப்பேன். கேட்கிறவருக்கு அது தெரிய வேண்டும், வேண்டாமென்றால் அணைக்க முடிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பாடுகிறவர் உயிரோடு மேடையில் நிற்கும்போது மட்டும் முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும்.

கூட்டத்தில் இந்தத் தயவு செல்லாது என்பதும் உண்டு. ஒற்றைக் குரலுக்கு மேல் சட்ஜத்தைத் தரும் அதே வளைவு, டோலக்கும் கீபோர்டும் கோரஸும் சேர்ந்து வந்தால் ஒவ்வொரு ஜோடியின் கூட்டலையும் கழித்தலையும் புது ஒலிகளாக்கிக் கலந்துவிடும். கேட்க ஏதோ சேறு மாதிரி இருக்கும். கல்யாணக் கச்சேரிக்கு வால்வு வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன், அவரும் கேட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

அவுட்புட்டை ஏ கிளாஸில் ஓட்டலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். சும்மா இருக்கும்போதே நூறு வாட்ஸ் சூடாகப் போகும். மின்சாரம் கிரிட்டில் கலந்து வருவது, என் யூனிட் எந்தக் கரியில் வந்தது என்று யாரும் காட்ட முடியாது. ஆனாலும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்து கிடப்பதை எண்ணூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிற எனக்கு, குரலுக்கு வெதுவெதுப்பு வேண்டும் என்று நூறு வாட்ஸைக் காற்றில் விட மனம் வரவில்லை. ஏபி கிளாஸ் போதும்.

சண்டை வந்தது கடைசியில், ஒரு எல்இடிக்காக. சந்தையில் வரும் பல மலிவு கிட்டுகளில் வால்வுக்கு வெறும் 12, 24 வோல்ட் கொடுத்துவிட்டு, அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்திருப்பார்கள், வால்வு தகதகவென எரிவது போலத் தெரிய. அண்ணனுக்கும் அது வேண்டுமாம். ஈசிசி82-இன் சொந்த வெளிச்சம் மேடையிலிருந்து தெரியாது, தெரிந்தால்தான் பார்ட்டி மதிக்கும்.

நான் முடியாது என்றேன்.

"கொரலுக்கு சக்கர போடலாம், வால்வுக்கு லைட்டு போடக் கூடாதா? கோயிலுக்கு சீரியல் லைட்டு போடுறோமே, அதுவும் பொய்யா?"

சீரியல் லைட்டைப் பார்த்து யாரும் சாமியே எரிகிறது என்று நினைப்பதில்லை. இந்த லைட்டைப் பார்க்கிறவர் வால்வு எரிகிறது என்றுதான் நினைப்பார், அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் வைக்கிறோம். இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்இடி வாங்கித் தானே ஒட்டிக்கொண்டார்.

ஸ்விட்சுக்கு என்ன பெயர் எழுதுவது என்பதில் மட்டும் என்னைக் கேட்டார். "வால்வு", "நேர்" என்று சொன்னேன். அடுத்த வாரம் போனபோது மார்க்கரில் ஒரு பக்கம் "நம்ம சவுண்டு" என்றும், மறுபக்கம் "கம்பெனி சவுண்டு" என்றும் எழுதியிருந்தது. ஸ்விட்ச் கம்பெனி பக்கம் இருந்தது. அன்று ராத்திரி கல்யாண ஆர்டராம்.