வஜ்ராங்கதனின் குதிரையும் முதியவரின் கைத்தடியும்

திருவண்ணாமலையில் மலையே லிங்கமாக வணங்கப்படுவதால், அதைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் பாதையை வெறுங்காலோடு நடந்து முடிப்பது வழிபாடாகிறது; அந்த வழிபாட்டுக்குக் கருவி பூவோ நீரோ அல்ல, நடப்பவரின் பாதமே. அப்படியானால் முதுமையில் கால் தளர்ந்து, அடிக்கு அடி ஒழுங்கு மாறி, கைத்தடியிலோ மகளின் தோளிலோ சாய்ந்து வருபவரின் கிரிவலம் எந்த அளவுக்கு அவருடையது என்ற கேள்வி எழுகிறது.

சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வரும் வஜ்ராங்கத பாண்டியன் கதை இதற்குக் கடுமையான விடை தருவதுபோலத் தோன்றும். வேட்டைக்கு வந்த பாண்டியன் புனுகுப்பூனை ஒன்றைக் குதிரையேறித் துரத்த, அது மலையைச் சுற்றி ஓடிக் களைத்து உயிர்விடுகிறது, குதிரையும் வீழ்கிறது. சாபத்தால் விலங்குருக் கொண்டிருந்த வித்தியாதரர் இருவரும் பழைய வடிவம் பெற்று விண்ணேற, அரசன் மட்டும் தரையில் கிடக்கிறான். மூவரும் சுற்றிய தொலைவு ஒன்றுதான். ஆனால் அரசனின் எடை முழுவதையும் குதிரை சுமந்தது. பின்னர் அவன் காலால் நடந்து வலம்வந்தே பேறு பெற்றான். இதைக் கொண்டு, தாங்கலைப் பெறுவதே குறை என்று முடிவுகட்டுவது அவசரம். நடை எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பார்த்தால் கதையின் பொருள் வேறாக விளங்கும்.

ஒரு குதிகால் தரையைத் தொட்டு, அதே குதிகால் மீண்டும் தொடுவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. இந்த நேரம் அடிக்கு அடி கூடிக் குறைவதை நடைமாறுபாடு என்பர். நலமுள்ள இளைஞரிடம் அது ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான். நடை ஆய்வாளர் ஜெஃப்ரி ஹவுஸ்டார்ஃப் குழுவினர் 70 வயதைக் கடந்த 52 பேரை ஓராண்டு கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பின்னர் கீழே விழுந்தவர்களிடம் இம்மாறுபாடு தொடக்கத்திலேயே மிகுந்திருந்தது தெரியவந்தது. இருப்பினும் மாறுபாடு முழுவதும் நோயன்று. இளமையின் நடையில் ஓர் அடியின் ஏற்றத்தாழ்வு நூற்றுக்கணக்கான அடிகளுக்குப் பின்னும் சுவடு விட்டுச்செல்கிறது. முதுமையில் அந்தத் தொடர்பு தளர்கிறது. தாளக்கருவிக்கு ஏற்ப நடக்கச் செய்தாலோ இளைஞரிடமும் அது அறுபடுகிறது. ஆகவே கடிகாரம்போல் சீராக நடப்பதை நல்ல நடையின் அளவுகோலாக, அதைவிடவும் பக்தியின் அளவுகோலாக, கொள்ள இடமில்லை.

தாங்கலின் செய்தி இன்னும் நுட்பமானது. பக்கவாதம் கண்டவர்களை மேலிருந்து தொங்கும் வார்ப்பட்டையில் கட்டி, உடல் எடையில் ஒரு பங்கை மட்டும் அது ஏற்கும்படி செய்து நடை பழக்குவது மருத்துவ முறை. எடை முழுவதையும் நீக்குவதில்லை. ஏனெனில் காலில் விழும் பளுவை உணரும் நரம்புகளே, எப்போது காலைத் தூக்குவது என்பதைத் தண்டுவடத்துக்கு அறிவிக்கின்றன. கைத்தடியோ சில வேளைகளில் எடையைத் தாங்குவதே இல்லை. நிற்கும் ஒருவர் நூறு கிராம் எடைக்கும் குறைவான அழுத்தத்தில் விரல்நுனியால் ஒன்றைத் தொட்டாலே உடலின் ஆட்டம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் ஜெகாவும் லாக்னரும் 1994இல் காட்டினர். அங்கே விரல் பெறுவது பலத்தை அன்று, தான் எங்கே நிற்கிறோம் என்ற அறிவை. குதிரை அரசனிடமிருந்து நடையை வாங்கிக்கொண்டது. தடி முதியவருக்கு நடையைத் திருப்பித் தருகிறது. புராணம் மறுத்தது முன்னதை மட்டுமே.

நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல மெல்ல அடிவைக்க வேண்டும் என்பது வலம்வருதலுக்கு மரபு வகுத்த இலக்கணம். ரமண மகரிஷியும் அதை எடுத்துரைத்ததுண்டு. இளைஞரின் கால் தானாக நடப்பதால் மனம் எங்கும் திரியலாம். முதியவருக்கோ ஒவ்வோர் அடியும் கவனத்தைக் கேட்கிறது: தடியின் நுனி முதலில் ஊன்றுகிறது, கூழாங்கல்லைக் கால்விரல் தடவிப் பார்க்கிறது, பிறகுதான் எடை இறங்குகிறது. பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்களே விழும் வாய்ப்பு மிக்கவர்கள் என்று ஸ்வீடனில் 1997இல் கண்டறிந்தனர். மௌனமாக நட என்று மரபு இளைஞருக்கு வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருப்பதை, முதுமை தன் உடலிலிருந்தே கற்றுக்கொள்கிறது. இதை இழப்பு என்று மட்டும் எழுதிவிடுவது அநீதி. முழங்கால் வாதத்தால் வருந்திய ரமணரும் பிற்காலத்தில் தடியூன்றியே நடந்தார்.

சைவ சித்தாந்தமும் உயிரைத் தனித்து நிற்கும் பொருளாகக் கொள்வதில்லை. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது. உலகைச் சார்ந்தால் உலகாகவும் திருவருளைச் சார்ந்தால் சிவமாகவும் விளங்குகிறது. சார்பின்றி நடந்தேன் என்று சொல்லத்தக்கவர் இம்மரபில் எவரும் இல்லை. இளைஞரின் வலுவான காலும் இவ்வகையில் ஓர் இரவல் தடிதான். ஆனால் அருள் உயிரின் அறிவையும் செயலையும் விளக்கி நிற்கிறதேயன்றி, அவற்றை அழித்துவிட்டு அவ்விடத்தில் தான் அமர்வதில்லை.

எனவே முதியவரின் கிரிவலத்துக்கு இடையூறு அவர் பிடித்திருக்கும் தோள் அன்று. பௌர்ணமி இரவின் நெரிசலில் பின்னாலிருந்து வரும் தள்ளலே, அடியில் வைக்க வேண்டிய கவனத்தைப் பறித்துவிடுகிறது. கிரிவலத்துக்கு எந்த நாளும் உகந்தது. இத்தனை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற வரையறையும் இல்லை. ரமணரும் அடியார்களும் வழியில் தங்கித் தங்கி நடந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு சாதாரண நாளின் விடியலில் புறப்பட்டு, பாதையிலுள்ள எட்டு லிங்கங்களிலும் அமர்ந்து, அடி அண்ணாமலையில் இளைப்பாறி, மாலையில் வந்துசேரும் தடியூன்றிய நடைக்குச் சாத்திரத்தில் முழு இடம் உண்டு.