கடன்பட்ட அரியணை

1933 டிசம்பர் 23ஆம் நாள் காலை டோக்கியோவில் சங்கு ஒலித்தது. அரண்மனையில் குழந்தை பிறந்துவிட்டது என்பதற்கு அது அறிவிப்பு. ஒருமுறை ஒலித்து ஓய்ந்தால் பெண். மறுமுறையும் ஒலித்தால் ஆண். அன்று மறுமுறையும் ஒலித்தது. நாடு கொண்டாடியது. பின்னாளில் பேரரசராக அமர்ந்த அகிஹிட்டோ பிறந்த நாள் அது.

அந்த இரண்டாம் ஒலிக்காக அவருடைய தாய் நாகாகோ பட்ட பாட்டை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1924இல், பின்னர் பேரரசரான ஹிரோஹிட்டோவை மணந்தவர் அவர். அடுத்தடுத்து நான்கு பெண் குழந்தைகளைப் பெற்றார். அவர்களுள் ஒருத்தியைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்தார். நான்கு முறை தாயானவரை, மடி நிறையாதவரைப் போலவே அரண்மனை பார்த்தது. பேரரசர் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மூத்தோர் யோசனை சொன்னார்கள். அவர் இசையவில்லை. கணவரின் அந்த உறுதி போற்றத்தக்கதே. ஆயினும், ஒரு பெண்ணின் மதிப்பு கணவரின் நல்ல மனத்தை மட்டுமே நம்பி நிற்க வேண்டியிருந்ததே, அங்கிருந்துதான் நம் சிந்தனை தொடங்க வேண்டும்.

மூத்தோரின் யோசனை புதிதன்று. பேரரசர் மெய்ஜியைப் பெற்றவரும், மெய்ஜியின் மகன் தைஷோவைப் பெற்றவரும் பட்டத்தரசியர் அல்லர், அந்தப்புரத்துத் துணைவியர். பட்டத்தரசிக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும் குலம் அறாமல் இருக்க அன்று அப்படியொரு வழி இருந்தது. 1889இல் எழுதப்பட்ட அரச குடும்பச் சட்டம், ஆண்வழியில் வந்த ஆணையே வாரிசாக ஏற்றது. துணைவியின் மகனுக்கும் அதில் இடம் இருந்தது. போருக்குப் பின் வந்த 1947ஆம் ஆண்டுச் சட்டமோ, முறையான மனைவிக்குப் பிறந்தவனே வாரிசு என்றது. அதே ஆண்டில் அரச குலத்தின் பதினொரு கிளைக் குடும்பங்கள் தகுதி நீங்கிக் குடிமக்களோடு குடிமக்களாயின. இவ்வளவு மாறியும், ஆண் மட்டுமே என்ற விதி மட்டும் மாறவில்லை. இழிவான ஒரு வழக்கம் ஒழிந்ததை நாம் வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் முன்பு பல பெண்கள்மீது பரவிக் கிடந்த சுமை, இப்போது ஒருத்தியின் வயிற்றில் வந்து குவிந்தது. பழைமையில் பாதியைக் களைந்து பாதியைக் காத்துக்கொள்ளும் சீர்திருத்தம், சில வேளைகளில் அந்தப் பழைமையைவிடக் கொடியதாகிவிடுகிறது.

அந்தச் சுமையை மசாகோ ஏற்றது 1993இல். ஹார்வர்டில் பொருளாதாரம் பயின்று, ஜப்பானிய வெளியுறவுத் துறையில் பணியாற்றிவந்த அவர், அந்தப் பணியை விட்டுவிட்டு அன்றைய பட்டத்து இளவரசர் நருஹிட்டோவை மணந்தார். அவர் கொண்டுவந்த கல்வியும் மொழியறிவும் உலக அனுபவமும் அரண்மனைக்கு அணிகளாக இருக்கலாம். தேவையாக இருந்தது வேறொன்று. 1999 டிசம்பரில், அவர் கருவுற்றிருக்கிறார் என்பது உறுதியாகும் முன்பே அது பத்திரிகையில் வந்துவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் கரு கலைந்ததும் நாடறியச் சொல்லப்பட்டது. தனியே அழுது ஆற்றிக்கொள்ள வேண்டிய துயரம், அறிவிப்பாயிற்று. 2001 டிசம்பரில் மகள் ஐகோ பிறந்தாள். வாழ்த்தொலி அடங்குமுன்பே அடுத்தது எப்போது என்ற கேள்வி எழுந்தது. அரண்மனை நிர்வாகத்தின் தலைமை அதிகாரியே இன்னொரு குழந்தைக்கான எதிர்பார்ப்பை வெளிப்படையாகப் பேசினார். 2004 மே மாதத்தில் நருஹிட்டோ செய்தியாளர் முன், தம் மனைவியின் பணிவாழ்வையும் ஆளுமையையும் மறுக்கும் போக்கு நிலவியது என்று சொன்னார். மௌனமே மரபான ஒரு குடும்பத்திலிருந்து வந்த அந்தச் சொல் நாட்டையே திகைக்க வைத்தது. அடுத்த சில மாதங்களுக்குள் மசாகோவின் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது: சூழலோடு பொருந்த இயலாமையால் விளையும் மனநலக் கோளாறு. ஒரு மனுஷி பொருந்தும்படியாக அந்தச் சூழல் இருந்ததா என்று சோதிக்க யாரும் அழைக்கப்படவில்லை.

விதியை மாற்றியிருக்க முடியாதா? முடிந்திருக்கும். அமதெராசு என்ற சூரிய தேவியிடமிருந்து வந்ததாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் குலம் அது. எட்டுப் பெண்கள் அந்த அரியணையில் அமர்ந்திருக்கிறார்கள். கடைசியாக அமர்ந்த கோ-சகுராமச்சி ஆண்டது பதினெட்டாம் நூற்றாண்டில். 2005இல் அரசு அமைத்த குழுவும், ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளையே வாரிசு என்றாகலாம் எனப் பரிந்துரைத்தது. அந்த நேரத்தில் நருஹிட்டோவின் தம்பி மனைவி கிகோ கருவுற்ற செய்தி வந்தது. அவருக்கு ஏற்கெனவே இரண்டு மகள்கள். இளையவள் பிறந்து பதினோரு ஆண்டுகள் கடந்திருந்தன. 2006 செப்டம்பரில் ஹிசஹிட்டோ பிறந்தான். அந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ நாற்பத்தோராண்டுக்குப் பின் பிறந்த முதல் ஆண் குழந்தை. சட்டத் திருத்தம் அப்படியே நின்றுபோயிற்று. ஐந்து வயதை எட்டாத ஐகோவுக்குத் திறக்கவிருந்த கதவு, தம்பி முறையான ஒரு சிசுவின் வரவால் மூடிக்கொண்டது.

சிக்கல் தீர்ந்துவிட்டது என்று பலர் நிம்மதி கொண்டார்கள். உண்மையில் அது ஒரு தலைமுறைக்குத் தள்ளிப்போடப்பட்டது, அவ்வளவுதான். அவன் தலைமுறையில் அரியணைக்கு உரியவன் ஹிசஹிட்டோ ஒருவனே. அரச குலத்துப் பெண்களோ வெளியே மணம் முடித்தால் குலத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பது சட்டம். ஆகவே நாளை அவனை மணக்கப்போகும் ஒரு பெண், இன்று எங்கோ இருக்கிறாள். அவள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவள் முகத்தை அறியாத ஒரு நாடு அவள் வயிற்றுக்கு இப்போதே கடமை எழுதி வைத்துவிட்டது. நாகாகோவிடமும் மசாகோவிடமும் கேட்டதை அவளிடமும் கேட்கும்.

இது ஜப்பானின் குறை மட்டுமா என்றால், வரலாறு இல்லை என்கிறது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி, தன் முதல் மனைவி கேத்தரினுக்கு மகள் மட்டுமே மிஞ்சியதால் திருச்சபையோடே உறவை முறித்தான். இரண்டாம் மனைவி ஆன் போலினும் மகளையே பெற்றாள். மூன்றாண்டுக்குள் அவள் தலை துண்டிக்கப்பட்டது. அந்த மகள்தான் முதலாம் எலிசபெத்தாக நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டாள். ஈரானின் அரசி சொரயா, பிள்ளை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக 1958இல் மணமுறிவு பெற்றுப் போனார். நம் தஞ்சையில் 1855இல் மன்னர் சிவாஜி மறைந்தபோது மகள் இருந்தாள், மகன் இல்லை. மிஞ்சியிருந்த அரச பட்டத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனி ஒழித்துவிட்டது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் கூறு தந்தையின் விந்தில் இருக்கிறது என்பதற்கான சான்றை 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அறிவியலாளர் பூச்சிகளில் கண்டு வெளியிட்டார். ஒரு பெண்ணின் ஆய்வு, மகள்களையே பெற்ற அத்தனை அரசியரையும் குற்றமற்றவர்கள் என்று காட்டியது. ஆனாலும் குற்றச்சாட்டு ஓயவில்லை. ஏனென்றால் அது அறியாமையில் பிறந்ததன்று, அச்சத்தில் பிறந்தது.

அந்த அச்சம் அரண்மனைக்கு வெளியேயும் இருப்பதை நாம் அறிவோம். ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஒரு ஆண் என்று சொல்லிப் பழகிய நாவு நம்முடையது. எழுதி வைக்க ஒரு செண்டு நிலம் இல்லாத வீட்டிலும், வம்சம் விளங்க ஒருவன் வேண்டும் என்ற ஏக்கம் இரண்டாம் பெண்ணுக்கும் மூன்றாம் பெண்ணுக்கும் தாயானவளைக் குத்திக்கொண்டே இருக்கிறது. அரியணை இருந்தால்தான் இந்தப் பசி வரும் என்பதில்லை.

மனிதன் தான் அழிவதை ஏற்க மாட்டாதவன். தன் பெயர், தன் கொடி, தன் உடைமை தனக்குப் பின்னும் நிற்க வேண்டும் என்று விரும்புகிறான். அந்த விருப்பத்தைத் தன் உடலால் நிறைவேற்ற இயலாத நிலையில் இன்னொருத்தியின் உடலை நாடுகிறான். நியாயப்படி பார்த்தால், நாடுகிறவன் கடன்பட்டவன். உயிரைப் பணயம் வைத்துப் பெற்றுத் தருகிறவள் கடன் கொடுத்தவள். வரலாறு இந்தக் கணக்கைத் தலைகீழாக எழுதிவிட்டது. கடன்பட்ட அரியணை கைநீட்டி அதட்டுகிறது. கொடுத்தவள் குற்றவாளியாய்க் கூனி நிற்கிறாள். பெண்ணுக்கு ஆளத் தகுதியில்லை என்று சொல்லும் அதே நிறுவனம், பெண் ஒருத்தி கைகொடுக்காவிட்டால் ஒரு தலைமுறையும் தாண்டாது என்ற உண்மையை மறைக்கவே அவ்வளவு உரக்கப் பேசுகிறது என்று தோன்றுகிறது.

சட்டங்கள் மாறாமல் இல்லை. 1980 தொடக்கத்தில் சுவீடன், ஏழு மாதக் குழந்தையாக இருந்த இளவரசனைத் தாண்டி அவன் அக்கா விக்டோரியாவுக்கே பட்டத்துரிமை என்றாக்கியது. பிரிட்டன் 2013இல் சட்டம் இயற்றி அதே வழிக்கு வந்தது. இவை தேவையான நீதிகள். ஆனால் இவை போதுமானவை என்று நாம் ஓய்ந்துவிடலாகாது. மகளுக்கும் பட்டம் உண்டு என்பதால், பிள்ளை பெறாத அரசியின் மீது விழும் பார்வை மாறிவிடுவதில்லை. ஒருவரை அவர் தரப்போகும் பயனைக் கொண்டே மதிப்பிடும் பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை, பயன் ஆணாக இருந்தாலென்ன, பெண்ணாக இருந்தாலென்ன, தருகிறவள் கருவியாகவே எஞ்சுவாள். அவளுடைய கல்வியும் கனவும் துயரமும், ஏன், அவள் ஏற்கெனவே பெற்று வளர்த்த குழந்தைகளும்கூட, கணக்கில் வராத மிச்சங்களாகவே ஒதுங்கும். தொடர்ச்சி என்பது உயர்ந்த மனித விருப்பம்தான். எனினும் எதைத் தொடர்வது என்ற கேள்வியை விட்டுவிட்டு யார் தொடர்வது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் சமூகம், உள்ளீட்டை இழந்த பெயரையே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச் செல்கிறது. வந்து பிறந்த உயிரை அதன் நிறைவிலேயே ஏற்கத் தெரியாத குலத்துக்கு வாரிசில்லாக் குறை என்றைக்கும் தீராது. மகன் பிறந்த மறுகணமே, அவனுக்கொரு மகன் பிறக்க வேண்டுமே என்று அது அஞ்சத் தொடங்கிவிடும்.