கொல்பவனின் கருணை
அமெரிக்காவில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடுவோரிடையே ஓயாத விவாதம் ஒன்று உண்டு: 1935-இல் வந்த .357 மேக்னம் குண்டு போதுமா, 1950-களில் வந்த .44 மேக்னம் வேண்டுமா? பல மாநிலங்களில் சட்டமே குறைந்தபட்ச அளவை வகுத்துள்ளது.

வலுக்குறைந்த குண்டு பட்ட மான் காயத்தோடு புதருக்குள் ஓடி, நெடுநேரம் துடித்துச் சாகக்கூடும். வலிய குண்டோ சுடுபவனின் கையை உதறும். அந்த அச்சத்தால் குறி தவறும். ஆகவே, ‘உன் கைக்கு அடங்கும் துப்பாக்கியையே தேர்ந்தெடு, தொலைவு மிகுந்தால் சுடாதே’ என்பது அனுபவசாலிகளின் அறிவுரை.

கொல்லத் துணிந்தவன் வலியைக் குறைக்க முயல்வது கருணையா, கண்துடைப்பா?

மீனை மட்டுமே கொல்லும் மீனவனின் அகிம்சையை எல்லைக்கு உட்பட்டது என்கிறது பதஞ்சலி யோக சூத்திரத்தின் வியாச உரை. எல்லையற்ற அகிம்சையே மகாவிரதம். எல்லைக்கு உட்பட்டதாயினும் அதுவும் அகிம்சையே. குறி ஐயமானதும் விசையிலிருந்து விரலை எடுக்கும் வேடன், அக்கணத்தில் தன் ஆசையைவிட மானின் வலியைப் பெரிதாக மதிக்கிறான். அது மெய்யான கருணையின் வித்து.

ஆனால் வித்தையே மரமென்று எண்ணிவிடலாகாது. மான் வேண்டுவது வலியற்ற மரணத்தை அன்று, வாழ்வை.

துப்பாக்கி ஏந்தாத நமது அகிம்சையும் எங்கோ ஓர் எல்லையில் நின்றுவிட்டதன்றோ? அவ்வெல்லை எதுவெனக் கண்டுகொள்வதே அதைக் கடப்பதற்கான முதற்படி.